வேதாளை, நான்காம் காலாண்டு

இந்தக் கரையிலிருந்து போனதாக நாங்கள் சொல்வது ஒரு தொகை.
அந்தக் கரைக்கு வந்ததாக அவர்கள் சொல்வது வேறு.
நடுவே கடல்.
அலுவலகத்தில் அதற்கு மூன்று காரணம் வைத்திருக்கிறோம்:
கப்பல் கூலி, காப்பீடு, காலத் தாமதம்.
மார்ச்சில் ஏறிய நண்டு ஏப்ரலில்தான் இறங்கும்.
மூன்றையும் கழித்த பிறகு மிஞ்சுவதற்கும்
ஒரு பெயர் வேண்டுமே என்று
'பிழைகளும் விடுபடல்களும்' என ஒரு வரி.
பதினோரு வருடமாக
அந்த வரியைச் சிறிதாக்குவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இன்று விடியலில் அந்த வரி
வேதாளையில் கரை ஒதுங்கியிருந்தது.

விரலி மஞ்சள். மூட்டை மூட்டையாக.
ரோந்துப் படகின் விளக்கைக் கண்டதும்
இடுப்பளவுத் தண்ணீரில் தள்ளிவிட்டு ஓடியிருக்கிறார்கள்.
சாக்குகள் பிரிந்து
சிப்பி ஓடும் செத்த பேத்தை மீனும்
கல்யாண வீட்டுக் கொல்லைபோலக் கிடந்தன.
ஏட்டு எண்ணினார்: நாற்பத்தொன்று.
ஒன்பது மணிக்குச் சுங்கத்துறை ஜீப் வந்தது,
மறுபடி எண்ணியபோது முப்பத்தெட்டு.
ஈரத்தோடு எடை போடுவதா, காயவைத்தா என்று
யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் ஓரமாக நின்று
மனதுக்குள் கட்டங்களை நிரப்பிப் பார்த்தேன்.
ஈரோட்டுப் பக்கம் விளைந்தது: உற்பத்தியில் ஏறிவிட்டது.
லாரி வாடகை ஏறிவிட்டது.
வீட்டில் யாரும் தின்னவில்லை.
ஏற்றுமதி? இல்லை.
கையிருப்பு? குடோனில் இல்லை.
உப்புத் தண்ணீர் குடித்தது என்று எழுத
படிவத்தில் இடமில்லை.

டில்லியில்
விளைந்ததையெல்லாம் ஓர் அறையில் கூட்டுவார்கள்,
செலவழிந்ததையெல்லாம் அடுத்த அறையில்.
ஒரே நாடு, இரண்டு விடை.
எப்படியும் பொருந்தாது என்பதால்
கடைசியில் 'வேறுபாடு' என்று ஒரு எண்ணைச் செருகி
சமமாக்குவார்கள்.
சில வருடம் அது மைனஸில் வரும்.
விளைந்ததைவிட அதிகமாகத் தின்றிருக்கிறோம் என்று அர்த்தம்.
யாரும் பயப்படுவதில்லை.

பதினொரு மணி. மாதிரி வீடு எண் பதினேழு. களஞ்சியம்.
பாசிக்கு முங்கிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள்,
விரல்களில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை.
"பச்சையா அறுவது கிலோ கொண்டாந்தேன் சார்.
காஞ்சதுக்குத்தான் காசுன்னான் ஏவாரி.
காஞ்சது எட்டு.
அதுலயும் மணலுக்குன்னு ஒண்ணு கழிச்சான்.
நீங்க எதை எழுதுவீக?"

ஏழு என்று எழுதினேன்.
அரிசி, சோப்பு, சீட்டுக் கட்டியது,
மகனின் செல்போன் ரீசார்ஜ்.
பிறகு,
மஞ்சள், கிராமில்.

அந்த இடத்தில் என் குரல் தாழ்ந்ததைக் கவனித்துவிட்டாள்.
அவளுக்குப் பின்னால் கொடியில் ஒரு சாக்கு.
காற்று தூக்கியபோது அதன் அடிவயிறு தெரிந்தது,
மஞ்சளாக.
நாற்பத்தொன்றுக்கும் முப்பத்தெட்டுக்கும் இடையில்
ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன்.
அரசாங்கத்தில் வேறு யாருக்கும் இது தெரியாது.

"நூறு" என்றாள்.
நூறு.

எழுந்தபோது கேட்டாள்:
"இதோட மூணு தடவை வந்துட்டீக.
வரும்போதெல்லாம் டீ. ரெண்டு கரண்டி சீனி.
அதை எங்க எழுதுறீக?"
அதற்குக் கட்டம் உண்டு, ஆறாம் பக்கத்தில்.
வீட்டார் அல்லாதவருக்குக் கொடுத்தது.
நான் அதை ஒருநாளும் நிரப்பியதில்லை,
எந்த வீட்டிலும்.

ராமநாதபுரம் பஸ்ஸில் உட்கார்ந்து
குலுங்கலோடு அதை எழுதினேன்.
எழுதிய எண்ணின்மேல்
மஞ்சளாக ஒரு கட்டைவிரல் பதிந்துவிட்டது.
கரையில் எதையும் தொட்டதாக ஞாபகமில்லை.

நாளை கணினியில் ஏற்றும்போது ஜெனிலா கேட்பாள்,
சார், இது ஒண்ணா, ஏழா?
எது சின்னதோ
அதைப் போடும்மா என்பேன்.